மறைச்சு மட்டும் வை

ஆகஸ்ட் 20, செவ்வாய்

உரக்கடையில சும்மா கொடுத்த டைரி இது. ஏழு மாசம் வெறுமனே கெடந்துச்சு. இன்னைக்கு எடுத்ததுக்குக் காரணம் இருக்கு. தேதி போட்டு எழுதி வச்சாத்தான் ஆளைக் கையும் களவுமாப் பிடிக்க முடியும்.

காலையிலேயே கொம்பையா அண்ணாச்சி போன். "இசக்கி, ஒம்ம சாஃப்ட்வேர் நேத்தும் மண்டையைப் போட்டுட்டுவே. ரெண்டரை மணி, மாப்பிள்ளை போட்டோ பாதி தெரியுது, மீதி வெள்ளை. பொண்ணு வீட்டுக்காரங்க என்னையப் பாக்காவ, நான் பேச்சித்தாயைப் பாக்கேன், பேச்சித்தாய் கம்ப்யூட்டரைப் பாக்கா. கடைசியில அவங்க எந்திரிச்சுப் போயிட்டாவ."

பாளையங்கோட்டை மார்க்கெட் பக்கத்துல அவரோட கல்யாணத் தகவல் நிலையம். ஆறு வருஷத்துக்கு முன்னால நான் எழுதிக் கொடுத்த புரோகிராம்தான் அங்க ஓடுது. ஒரு ஜாதகத்தைத் தொட்டா ஒரு விண்டோ திறக்கும். போட்டோ, கட்டம், நட்சத்திரம், வேலை, எல்லாம் அதுல வரும். ஒரே படம் ரெண்டு ஸ்கிரீன்ல தெரியும். ஒண்ணு ஆபரேட்டர் பேச்சித்தாயக்கா பக்கம், இன்னொண்ணு எதுத்தாப்புல உக்காந்திருக்க குடும்பத்துப் பக்கம்.

ஆறு வருஷமா ஒரு குறை வந்ததில்ல. இப்ப ஒரு மாசமா தினம் சாகுதுன்னா கோளாறு புரோகிராம்ல இல்ல, தொடுத கையிலதான். இதை இன்னைக்கே எழுதி வைக்கேன்.

இன்னொண்ணும் எழுதணும். தினமும் ஒண்ணு பத்துக்குக் கம்ப்யூட்டரை அணைச்சு ரெண்டு மணிக்குத் திரும்பப் போட்டிருக்காங்கன்னு போன மாசம் லாக்ல பாத்தேன். எந்த விண்டோவை எப்பத் திறந்தாங்க, எப்ப மெஷினை அணைச்சாங்கன்னு தானா எழுதி வைக்கிற பதிவுதான் லாக். நேரா அண்ணாச்சிகிட்டச் சொல்லி, இனிமே மத்தியானம் அணைக்கப்பிடாதுன்னு நிறுத்திட்டேன். சோத்துக்குப் போறதுக்கு மெஷினை எதுக்கு அணைக்கணும்? தடயத்தை அழிக்கத்தான?

ஆகஸ்ட் 21, புதன்

நேர்ல போனேன். பதினோரு மணி இருக்கும். நான் உள்ள நுழைஞ்சதும் பேச்சித்தாயக்கா ஒரு விண்டோவைப் படக்குன்னு மூடுனாங்க. கையி அப்படியே மவுஸ்மேல நிக்குது.

"வாங்க தம்பி. என்ன, சொல்லாமக் கொள்ளாம வந்துட்டிய?"

"என்னக்கா பாத்துக்கிட்டிருந்திய?"

"சும்மாத்தான்."

சும்மாவாம்! ஐம்பத்திரண்டு வயசு. இருபத்திரண்டு வருஷமா இந்த நாற்காலியில இருக்காங்க. கம்ப்யூட்டர் வாரதுக்கு முன்னாலே நோட்டைப் புரட்டியே பொருத்தம் சொன்ன ஆளு. அப்பேர்ப்பட்ட ஆளு எதைச் சும்மா பாக்கும்?

டாஸ்க் மேனேஜரைத் திறந்து, புரோகிராம் எம்புட்டு மெமரி பிடிச்சிருக்குன்னு பாத்தேன். காலையில நூத்தித் தொண்ணூறு எம்பியில ஆரம்பிக்கிற புரோகிராம், ஆயிரத்து நூறுல நிக்குது. ஆயிரத்தைந்நூறைத் தாண்டுனா செத்துரும். "எத்தனை குடும்பம் வந்துச்சு?"ன்னு கேட்டேன். மூணாம். மூணு குடும்பத்துக்கு ஆயிரத்து நூறா? எங்கிட்டக் காது குத்துதாங்க.

"மத்தியானம் நீங்க அணைக்க வேண்டாம்னதுல இருந்துதான் தம்பி இப்படி ஆகுது"ன்னாங்க போகையில. பழியை எம்மேலயே திருப்புதாங்க பாருங்க! குத்தமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும்.

திரும்பி வரையில தேய்ப்புக்கார மாரி கேட்டான், "என்னண்ணே, உங்க சட்டையெல்லாம் நம்ம பக்கம் வாரதே இல்ல?" எவன் பாக்கப் போறான்னு சொல்லிட்டு வந்துட்டேன்.

ஆகஸ்ட் 22, வியாழன்

லாக்கை வீட்டுக்குக் கொண்டாந்து பாத்தேன். பிடிச்சுட்டேன்.

செவ்வாய்க்கிழமை கல்யாணப் பேச்சுக்கு எவனும் வாசல் தாண்ட மாட்டான். அந்த நிலையத்துக்கு அன்னைக்குக் காக்கா குருவி கூட வராது. ஆனா இந்தச் செவ்வாய் ஒரே நாள்ல நூத்திப் பன்னிரண்டு ஜாதகம் திறந்திருக்கு. காலை ஒம்பதரையில இருந்து பத்தேகாலுக்குள்ள! போன செவ்வாய் நூத்திப் பத்து. அதுக்கு முந்துன செவ்வாயும் அதே கதை.

யாருமே வராத நாள்ல யாருக்காகத் திறக்கணும்? வண்ணாரப்பேட்டையில புதுசா ஒரு தகவல் நிலையம் வந்திருக்கு. போன்ல படம் பிடிச்சு அங்க அனுப்புறதுக்கு நாப்பத்தஞ்சு நிமிஷம் தாராளமாப் போதும்.

அண்ணாச்சிகிட்டச் சொல்லிட்டேன். "நான் சொல்லலை அண்ணாச்சி, லாக் சொல்லுது"ன்னேன்.

ஆகஸ்ட் 23, வெள்ளி

அந்தம்மாவை வீட்டுக்கு அனுப்பிட்டாராம். "நாளையில இருந்து வர வேண்டாம்னேன்வே. ஒரு வார்த்தை எதுத்துப் பேசலை. கண்ணாடியை எடுத்துப் பையில போட்டா, சாப்பாட்டுத் தூக்கை எடுத்தா, போயிட்டா."

எதுத்துப் பேசலைன்னா என்ன அர்த்தம்? அர்த்தம் எல்லாருக்கும் தெரியும்.

சாயங்காலம் மார்க்கெட் டீக்கடைக்குப் போனேன். கடைக்காரர் பால்துரை, "ஏன்வே, பேச்சித்தாய் பொம்பளைப் பிள்ளைக ஜாதகத்தை வித்துட்டாளாமே?"ன்னு கேக்காரு. பக்கத்துல நாலு பேரு உச்சுக் கொட்டுதாங்க. வித்தாங்கன்னு நான் எங்க சொன்னேன்? நேத்து இங்க டீ குடிக்கையில சந்தேகம்னுதான சொன்னேன். டீ ஆறிப்போயிருந்துச்சு, பாதியில வச்சுட்டு வந்துட்டேன்.

ஆகஸ்ட் 24, சனி

அண்ணாச்சியே நாற்காலியில உக்காந்து ஓட்டுனாரு. புரோகிராம் சாகலை! நான் சொன்னது சரியாப் போச்சு.

சரியாப் போச்சுதான். ஆனா சாயங்காலம் போய் மெமரியைப் பாத்தேன், அறுநூத்தி நாப்பது. திறந்திருக்க விண்டோ ஒண்ணு கூட இல்ல, எல்லாத்தையும் மூடிட்டாரு. மூடுனா அது பிடிச்ச இடத்தைத் திருப்பிக் கொடுக்கணும். வீட்டைக் காலி பண்ணுதவன் சாவியைக் கொடுத்துட்டுல்லா போகணும்? இங்க எவனும் கொடுக்கலை.

மெமரி லீக்னா இதுதான். அந்தம்மா இல்லாமயும் அது ஏறுது. கொஞ்சம் மெதுவா ஏறுது, அம்புட்டுத்தான் வித்தியாசம். விண்டோஸ் அப்டேட் கோளாறா இருக்கும்.

ஆகஸ்ட் 25, ஞாயிறு

சமையல் கேஸ் தீர்ந்துபோச்சு. தூத்துக்குடியில இருந்து அம்மா பேசுனா. அக்கா பிள்ளைகளுக்குக் காய்ச்சலாம். போனை வைக்கப் போற நேரத்துல, "அந்தத் தகவல் நிலையத்துல பேச்சித்தாய்னு ஒரு பிள்ளை இருக்குமே, நல்லாருக்காளா?"ன்னு கேட்டா. நல்லாருக்காங்கன்னேன்.

ஆகஸ்ட் 26, திங்கள்

அப்டேட் இல்ல. அண்ணாச்சிக்கு மெஷின் வித்தவன் மேல சந்தேகப்பட்டேன், அவனும் இல்ல. மெமரிக்குள்ள எது எது உசிரோட இருக்குன்னு எண்ணிக் காட்டுத கருவி ஒண்ணு உண்டு. அதைப் போட்டுப் பாத்தேன். இன்னைக்கு அண்ணாச்சி திறந்தது அறுபத்தொண்ணு, மூடுனது அறுபத்தொண்ணு, உள்ள உசிரோட இருக்கதும் அறுபத்தொண்ணு. ஒண்ணு கூடச் சாகலை. கண்ணுக்குத்தான் தெரியலை, போட்டோவும் கட்டமுமா எல்லாம் அப்படியே உள்ள உக்காந்திருக்கு.

எவன் பிடிச்சு வச்சிருக்கான்னு தேடுனேன். நாலு மணி நேரம். கடைசியில மூடுத பட்டனுக்கு அடியில கெடச்சுச்சு. ஆபரேட்டர் மூடுன்னு அமுக்குனா, அதை ரத்துப் பண்ணிட்டு விண்டோவை மறைக்க மட்டும் செய்யுத ரெண்டு வரி. அதுக்கு மேல ஒரு குறிப்பு: "14.9.2018. மூடாதே. மறைச்சு மட்டும் வை. இ."

அந்த 'இ' நான்தான். ஆனா இப்படி ஒரு கூறுகெட்ட வேலையை நானாச் செஞ்சிருக்க மாட்டேன். அண்ணாச்சி கேட்டிருப்பாரு.

ஆகஸ்ட் 27, செவ்வாய்

அண்ணாச்சிகிட்டக் கேட்டேன்.

"நானா? நான் எங்கவே கேட்டேன்? மூடுனா மூடிட்டுப் போகட்டும்னுதான இருந்தேன். நீருதான் ஒம்ம அம்மாகூட வந்துட்டுப் போன மறுநாள் வந்து, 'இதை மாத்தித் தாரேன் அண்ணாச்சி'ன்னு நின்னீரு. மறந்துட்டீரா?"

மறக்கலை. எழுத வேண்டாம்னு பாத்தேன். எழுதித் தொலைக்கேன்.

2018 செப்டம்பர் 13. அன்னைக்கு நான் புரோகிராம்காரனாப் போகலை. அம்மாவைக் கூட்டிக்கிட்டு எதுத்த நாற்காலியில உக்காந்திருந்தேன். பக்கத்துல பொண்ணோட அப்பா. ஸ்கிரீன்ல என் போட்டோ. அவரு கொஞ்ச நேரம் பாத்துட்டு, "ஊருக்குப் போயிச் சொல்லுதோம்"ன்னாரு. இந்தத் தொழில்ல எவனும் வேண்டாம்னு வாயால சொல்ல மாட்டான், ஊருக்குப் போயிச் சொல்லுதோம்னுதான் சொல்லுவான். பேச்சித்தாயக்கா மூலையில இருந்த சிவப்புப் பெருக்கல் குறியை அமுக்குனாங்க. அவங்க வேலை அது. என் முகம் டக்குன்னு போயிட்டு. அடுத்த நொடி அதே இடத்துல வேறொருத்தன் முகம்.

அம்மா பாத்துட்டா. பையில எதையோ தேடுத மாதிரி குனிஞ்சுக்கிட்டா. பஸ்ஸுல ஏறி வீடு வார வரைக்கும் தேடிக்கிட்டே வந்தா. எனக்குக் கேவலமா இருந்துச்சு. அழுகையும் வந்துச்சு, அதையும் எழுதிருதேன்.

மறுநாள் போய் மாத்துனேன். இனிமே மூடுனா டக்குன்னு போகாது, மெள்ள மங்கி மறையும். அதோட விட்டிருக்கலாம். மறைஞ்ச பொறவு விண்டோவை ஒழுங்கா மூடியிருக்கலாம், ஒரே வரிதான். அந்த வரியை எழுதக் கை வரலை.

ஆக, ஆறு வருஷமா தினமும் மூடுன அத்தனை பேரும் உள்ளேயே இருந்திருக்காங்க. தினம் மத்தியானம் ஒண்ணு பத்துக்கு அக்கா மெஷினை அணைக்கையில உள்ள இருந்த அம்புட்டும் காலியாயிருக்கு. அதனாலதான் இத்தனை நாள் எவனுக்கும் தெரியலை. என் கோளாறை அவங்க சோத்துக்குப் போற போக்குல கழுவி விட்டிருக்காங்க. அதை நிறுத்துனதும் நான்தான்.

ஆனா அந்த நூத்திப் பன்னிரண்டுக்கு என்ன பதில்? அதுக்கு இன்னும் பதில் இல்லையே. அந்த ஜாதக நம்பர்களை எடுத்துப் பாத்தேன். எல்லாரும் முப்பத்தஞ்சு வயசுக்கு மேல. 2117-ம் அதுல இருக்கு, தினமும். அது யாருதுன்னு இங்க எழுத வேண்டியதில்ல.

ரெண்டு வரியையும் மாத்திட்டேன். இப்ப மூடுனா மூடுது. யார்கிட்டயும் சொல்லலை. சொல்லாட்டா எவனுக்கும் தெரியப் போறதில்ல.

ஆகஸ்ட் 28, புதன்

எழுத ஒண்ணுமில்ல. டீக்கடைப் பக்கம் போகலை.

ஆகஸ்ட் 29, வியாழன்

கேஸ் வந்துச்சு. சொதி வச்சேன், தேங்காப்பால் திரிஞ்சுபோச்சு.

அண்ணாச்சி போன். புரோகிராம் பறக்குதாம். "ஆனா ஒண்ணுவே. ஒரு வாரமா பழைய ஆளுக ஒருத்தரும் கண்ணுல பட மாட்டேங்காவ. நேத்து வந்த ஜாதகமே மேல மேல நிக்குது. நாப்பது வயசு மாப்பிள்ளை கேட்டு ஒரு அம்மா வந்தாவ, தேடித் தேடிப் பாத்தேன், கெடைக்கலை. பேச்சித்தாய் இருந்தா டக்குன்னு எடுத்துருவா. என்ன மாயம்வே செய்வா அவ?"

போனை வச்சதும் எனக்கு விளங்கிட்டு.

மாயம் ஒண்ணுமில்ல. கடைசியாத் திறந்த ஜாதகம் பட்டியல்ல முதல்ல வரும். வசதியா இருக்கட்டும்னு நான்தான் அப்படி வச்சேன். திறக்காத ஜாதகம் அடியில போயிரும். ரெண்டாயிரம் பேருக்கு அடியில போனவனை எவன் தேடி எடுப்பான்? அதான் அந்த அக்கா தினம் காலையில, குடும்பங்க வாரதுக்கு முன்னால, வயசு தாண்டித் தங்கிப்போன நூத்திப் பன்னிரண்டு பேரையும் ஒவ்வொருத்தராத் திறந்து மூடியிருக்காங்க. மேல தூக்கி விட்டிருக்காங்க. செவ்வாய்க்கிழமையும் விடலை.

படக்குன்னு மூடுன விண்டோ எதுன்னு லாக்ல பாத்தேன். 21-ஆம் தேதி, பத்து ஐம்பத்தெட்டு. 2117. நான் பாத்து மனசு கஷ்டப்படப்பிடாதுன்னு மூடியிருக்காங்க. நான் அதுக்கு என்ன பட்டம் கட்டுனேன்!

ஆகஸ்ட் 30, வெள்ளி

குலவணிகர்புரத்துல அவங்க வீட்டுக்குப் போனேன். சுளகுல அரிசி புடைச்சுக்கிட்டிருந்தாங்க. என்னைப் பாத்து எந்திரிக்கலை.

"அக்கா, தப்பு எம்மேலதான். புரோகிராம்ல கோளாறு. நான் எழுதுனது."

"ம்."

"காலையில எல்லாரையும் நீங்க எதுக்குத் திறக்கியன்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்லா?"

"உங்க முகத்துக்கு நேரயா? நீங்களும் அடியில போயிட்டிய, தினம் தூக்கி விடுதேன்னா?" சுளகைக் கீழ வச்சாங்க. "உங்க மேலதான் தம்பி எனக்குச் சந்தேகமே வரலை. அந்தப் பெருக்கல் குறியை நீங்க மாத்துன அன்னைக்கே, இவரு மனசு உள்ளவருன்னு நினைச்சேன். என் தங்கச்சி மகளுக்கு ரெண்டு இடத்துல பேசிக்கிட்டிருந்தோம். ரெண்டு இடத்துலயும் இப்ப பதிலு இல்ல. 'உங்க பெரியம்மா ஜாதகம் விக்கிறாளாமே'ன்னு அவகிட்டயே கேட்டிருக்காவ."

மன்னிச்சுக்கோங்கன்னேன்.

"எங்கிட்ட எதுக்குச் சொல்லுதிய? எனக்குத்தான் தெரியுமே நான் விக்கலைன்னு. மார்க்கெட்ல சொன்ன சொல்லை மார்க்கெட்ல போயி எடுங்க. பொறவு நான் வேலைக்கு வாரதைப் பத்திப் பேசலாம்."

காப்பி கொடுத்தாங்க. அதுதான் இன்னும் கஷ்டமா இருந்துச்சு.

ஆகஸ்ட் 31, சனி

காலை பத்து மணி, டீக்கடையில கூட்டம் நிக்குத நேரம். அண்ணாச்சியையும் வரச் சொல்லியிருந்தேன்.

"பேச்சித்தாயக்கா எதையும் விக்கலை. கோளாறு நான் எழுதுன புரோகிராம்ல. பழியைத் தூக்கி அவங்க மேல போட்டது நான்"னேன்.

பால்துரை டீ ஆத்துறதை நிறுத்திட்டு, "என்னவே கோளாறு?"ன்னாரு. மெமரி லீக்கை ஒரு டீக்கடைக்கு எப்படிச் சொல்ல? "குடிச்சு முடிச்ச கிளாஸைக் கழுவ அனுப்பாம மேசைக்கு அடியில ஒளிச்சு வச்சுக்கிட்டே வந்தா, மத்தியானம் உங்க கடையில டீ ஊத்தக் கிளாஸ் இருக்காதுல்லா? அதைத்தான் செஞ்சிருக்கேன்."

"அதை எதுக்குவே ஒளிச்சு வச்சீரு?"

அதைச் சொல்லாம வந்துரலாம்னுதான் நினைச்சிருந்தேன். அத்தனை கண்ணும் எம்மேல நிக்குது. சொன்னேன். எங்க அம்மா பக்கத்துல இருக்கையில என் முகத்துல பெருக்கல் குறி போட்டு மூடுனாங்க, எனக்குத் தாங்கலை, அதான் ஒருத்தர் முகத்தையும் மூடப்பிடாதுன்னு எழுதிட்டேன்னு சொன்னேன். அக்கா தினம் காலையில என்ன செய்தாங்கன்னும் சொன்னேன்.

பால்துரைதான் முதல்ல, "ஏ கொம்பையா, இன்னும் இங்க என்னத்துக்கு நிக்கீரு? போயி அந்தப் பிள்ளையைக் கூட்டிட்டு வாரும்"ன்னாரு. அண்ணாச்சி துண்டால கண்ணைத் தொடச்சுக்கிட்டே ஆட்டோ பிடிக்கப் போனாரு. எனக்கு ஒரு டீ வந்துச்சு, சூடா.

செப்டம்பர் 2, திங்கள்

அக்கா வந்துட்டாங்க. பையில இருந்து கண்ணாடியை எடுத்துப் போட்டுக்கிட்டு, நான் சொல்லாமயே ஒம்பதரைக்கு ஆரம்பிச்சாங்க. பட்டியலை இனிமே புரோகிராமே சுத்தி விட்டுரும், நீங்க ஒவ்வொண்ணாத் திறக்க வேண்டாம்னேன்.

"திறந்து மூஞ்சியைப் பாத்தாத்தான தம்பி, இவனுக்கு இவ சரியா வருவாளேன்னு மனசுல படும்? உங்க மெஷினு பாக்குமா?"

அக்காவோட தங்கச்சி மகளுக்குப் பேசுன ஒரு இடம் திரும்ப வந்து கேட்டிருக்காங்களாம். இன்னொரு இடம் வரலை. அதை நெனச்சா எனக்கு இன்னும் உறுத்துது.

செப்டம்பர் 5, வியாழன்

நாள் முழுக்க மெமரியைப் பாத்தேன். நூத்தித் தொண்ணூறுல ஆரம்பிச்சுது. திறந்தா ஏறுது, மூடுனா இறங்குது. மத்தியானம் மெஷினை அணைக்கலை. சாயங்காலம் ஆறு மணிக்கு நூத்தித் தொண்ணூத்தெட்டு. எட்டு எம்பி கூடுதல். கருவியைப் போட்டுப் பாத்தேன். உள்ள ஒரு விண்டோ உசிரோட இருக்கு.

திரும்ப லீக்கா? நம்பரைப் பாத்தேன். 2117.

"அக்கா, இது மூட மாட்டேங்குதா?"

"மூடும். நான்தான் மூடலை. நாளைக்கு வெள்ளிக்கிழமை, ஆழ்வார்குறிச்சியில இருந்து ஒரு வீட்டுக்காரங்க வாராங்க. டீக்கடையில நீங்க சொன்னதை அந்தப் பொண்ணோட மாமா நின்னு கேட்டிருக்காரு. பத்து மணிக்கு வந்துருங்க. அம்மாவுக்கும் போன் போட்டுச் சொல்லிருங்க."

டீக்கடையில தலைகுனிஞ்சு நின்னவனைப் பாத்துட்டு எவனாவது பொண்ணு கொடுக்க வருவானா? இதுல என்னமோ இருக்கு. எனக்குச் சந்தேகமாத்தான் இருக்கு.

நீலச் சட்டையை மாரிகிட்டத் தேய்க்கக் கொடுத்திருக்கேன்.